பேரீச்சம்பழமும் காரீயமும்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

இந்தக் குரலைக் கேட்டதும் சின்ன வயதில் கொல்லைப்புறம் ஓடி ஓட்டைக் குடத்தைத் தேடாதவர்கள் நம்மில் யார்? இப்போது பேரீச்சம்பழம் போய் ரூபாய் நோட்டு வந்துவிட்டது. ஆனால் குரல் மட்டும் போகவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வியாசர்பாடியில் பல தெருக்கள் தண்ணீரில் மிதந்தன அல்லவா? அங்கே குடியிருக்கும் என் சிநேகிதியின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. வடிந்த பிறகு பார்த்தால், இன்வெர்ட்டர் பேட்டரி பிராணனை விட்டிருந்தது. அதை வாசலில் வைத்ததுதான் தாமதம், பழைய சாமான் வண்டிக்காரர் வந்து நின்றார்.

"கடையிலே இன்னா தரேன்னாங்க அக்கா? அதுக்கு மேலே முந்நூறு ரூபா போட்டுத் தரேன்" என்றார்.

"அது எப்படியப்பா உனக்குக் கட்டுப்படியாகிறது?" என்று கேட்டாள் சிநேகிதி.

"நான் வாங்கி உடைக்கிறவங்ககிட்டே குடுத்துடுவேன் அக்கா. அவங்களுக்குச் செலவு கம்மி."

வண்டிக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் செலவு எப்படிக் குறைந்தது? அதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் விசாரிப்போம்.

ரசம் வைக்கிறோமே ஈயச்சொம்பு, அது வெள்ளீயம். பேட்டரிக்குள் இருப்பது காரீயம். பெயரில்தான் அக்காள் தங்கை. குணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. வெள்ளீயம் ரசத்துக்கு மணம் தரும், காரீயமோ விஷம். பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் இந்தக் காரீயம்தான்.

காரீயத்தை எத்தனை தடவை உருக்கினாலும் அதன் குணம் கெடுவதில்லை. ஆகவே பேட்டரித் தொழிலுக்குப் பழைய பேட்டரிதான் முக்கியமான கச்சாப் பொருள். உலகில் இன்று தயாராகும் காரீயத்தில் பாதிக்கு மேல் பழையதை உருக்கி எடுத்ததே. அதாவது, சுரங்கத்தைத் தேடிப் பூமியைத் தோண்ட வேண்டியதில்லை. நம் வீட்டு மாடிப்படி அடியிலேயே சுரங்கம் இருக்கிறது! நல்ல காரியந்தானே என்பீர்கள். நல்ல காரியந்தான், செய்கிற விதத்தில் செய்தால்.

அனுமதி பெற்ற ஆலையில் மூடிய இயந்திரத்துக்குள் பேட்டரியை உடைக்கிறார்கள். அமிலத்தைத் தனியே பிடித்து அதன் வீரியத்தைப் போக்குகிறார்கள். புகையை வடிகட்டிய பிறகே வெளியே விடுகிறார்கள். இதற்கெல்லாம் பணம் வேண்டும். கொல்லைப்புற உலையில் இது எதுவும் கிடையாது. சுத்தியலால் ஓர் அடி, அமிலம் சாக்கடைக்கு, காரீயம் திறந்த அடுப்புக்கு, புகை ஊருக்கு! ஆலைக்காரர் பணமாகக் கொடுப்பதை இங்கே அக்கம்பக்கத்துக் குழந்தைகள் உடம்பால் கொடுக்கின்றன. "செலவு கம்மி" என்பதன் ரகசியம் இதுதான்.

அந்தப் புகைத்தூள் மண்ணில் படியும், துணியில் ஒட்டும். விளையாடும் குழந்தை விரலை வாயில் வைத்தால் போதும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாகக் காரீயத்தை உறிஞ்சிக்கொள்ளும். காய்ச்சலோ இருமலோ வந்து எச்சரிக்காது. சத்தமில்லாமல் மூளையைப் பாதிக்கும். "பையனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நாம் அவனைக் கோபித்துக்கொண்டிருப்போம்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் அருகே தியாரோய் என்ற ஊரில் பழைய பேட்டரிகளிலிருந்து காரீயம் எடுத்து வந்தார்கள். அந்த மண்ணை வீட்டுப் பெண்களே சலித்துக் காரீயத் துணுக்குகளைச் சேர்த்து விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்து போயின.

அது எங்கேயோ இருக்கும் ஊர் என்று நினைக்க வேண்டாம். நம் சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. சராசரியாக ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 5 இருந்தாலே காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தனையும் பேட்டரியிலிருந்து வந்ததென்று சொல்ல முடியாது. பெயிண்ட் முதலிய வேறு வழிகளும் உண்டு. ஆனால் நம் கையில் இருக்கும் வழியை நாமே அடைக்கலாம் அல்லவா?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து முறையாக உருக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. மற்றக் குப்பையோடு சேர்க்காமல், அதற்கென உள்ளவர்களிடம் ஒப்படைப்பது நம் பொறுப்பு.

ஆகவே, புதிய பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். "பழையது பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அதுவரை பேட்டரியைச் சாய்க்காமல், குழந்தைகள் கை படாத இடத்தில் வையுங்கள். அமிலத்தை நீங்களே கொட்டப் போகாதீர்கள். குழந்தைகளைச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவச் சொல்லுங்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள உடம்பில் காரீயம் அவ்வளவு எளிதாக ஏறாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால் எல்லாம் அந்த வகையிலும் நல்லவை.

வண்டிக்காரரை விரோதியாக நினைக்க வேண்டாம். அவரும் பிள்ளைகுட்டிக்காரர். பேப்பர், பாட்டில், இரும்பு எல்லாம் அவருக்கே போடுங்கள். பேட்டரியை மட்டும் கொடுக்காதீர்கள்.

என் சிநேகிதி அப்படித்தான் செய்தாள். "முந்நூறு ரூபாய் போனால் போகட்டும், தம்பி. உடைக்கிற இடத்திலும் குழந்தைகள் இருக்குமே!" என்றாளாம்.

வண்டிக்காரர் சற்று நேரம் பேசாமல் நின்றாராம். பிறகு, "எங்க வூட்டாண்ட ஒருத்தன் உடைக்கிறான், அக்கா. என் சின்னப் பொண்ணு அங்கதான் விளையாடும்" என்றாராம்.