ஒரே ஒரு மார்க்ல போச்சு!

கேம் விமர்சனம் எழுதறவங்க மேல எனக்குக் கோபமே இல்லீங்க. கடுப்பெல்லாம் அந்தச் சராசரி மார்க் மேலதான். 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' 2010ல வந்தப்ப பக் ஏகத்துக்கும் இருந்துச்சு, மறுக்கல. ஆனா அந்தக் கதைக்காக இன்னிக்கும் திரும்பத் திரும்ப ஆடறேன். அதை உருவாக்கின அப்சிடியன் கம்பெனிக்கு ராயல்டி கிடையாது. மெட்டாகிரிட்டிக்ல 85 வாங்கினாத்தான் போனஸ். வந்தது 84! அங்கே வேலை பார்த்த கிறிஸ் அவலோனே 2012ல ட்விட்டர்ல சொன்ன விஷயம் இது. எந்தப் பத்திரிகையோட மார்க்குக்கு எவ்வளவு வெயிட்டேஜ்னு மெட்டாகிரிட்டிக் வெளியே சொல்றதும் இல்ல. அப்படியே நம்ம அப்ரைசல் மாதிரி (சொந்தக் கதை, சோகக் கதை, விடுங்க). கேமை வாங்கலாமா வேணாமான்னு வாசகனுக்குப் போட்ட மார்க்கை வச்சு, ராத்திரி பகலா கோட் அடிச்சவன் போனஸ்ல கை வைக்கறது என்ன நியாயம் மக்கா?