பெயரை நீக்கினால் போதுமா?

மருத்துவக் குறிப்புகளை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்போது பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால், அவை யாருடையவை என்று எவருக்கும் தெரியாது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் தவறு என்பதை அமெரிக்காவில் ஒரு மாணவி மெய்ப்பித்துக் காட்டினார்.

1990-களின் நடுப்பகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்து அரசு ஊழியர் காப்பீட்டு ஆணையம், ஊழியர்களும் அவர்தம் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 1,35,000 பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்களுக்கு வழங்கியது. பெயர்கள் இல்லை. ஆனால் பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்பது, அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய மூன்றும் அப்படியே இருந்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லதான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். அதில் பெயரோடு அதே மூன்று விவரங்களும் இருந்தன! அக்காலத்து ஆளுநர் வில்லியம் வெல்ட் அந்நகரவாசி. அவர் பிறந்த தேதியிலேயே பிறந்தோர் பட்டியலில் ஆறு பேர். அவர்களுள் ஆண்கள் மூவர். அந்த அஞ்சல் எண்ணில் வசித்தவர் ஒரே ஒருவர். ஆளுநரின் நோய்க் குறிப்பு மாணவியின் மேசைக்கு வந்துவிட்டது.

ஆளுநர் பெரிய மனிதர், ஆகவே எளிதில் அகப்பட்டார் என்று சிலர் கூறலாம். 1990-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு, அமெரிக்கரில் 87 சதவீதம் பேரை இம்மூன்று விவரங்களால் தனித்துக் காட்ட இயலும் என ஸ்வீனி மதிப்பிட்டார். 2006-இல் வேறோர் ஆய்வாளர் 63 சதவீதம் என்றார். குறைந்தாலும் பாதிக்கு மேல்தானே!

வலிப்பு நோய்க்கோ மனநோய்க்கோ மருந்து உண்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அச்செய்தி வெளியானால் அவளுக்கு வேலை கொடுக்கத் தயங்குவோர் எத்தனை பேர்! திருமணப் பேச்சும் நின்றுபோகலாம். மருத்துவரிடம் அவள் சொன்னது அவருக்காக மட்டுமே.

அதற்காகக் குறிப்புகளைப் பூட்டிவைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. புகைப்பழக்கம் நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்பது பல்லாயிரம் பேரின் விவரங்களை ஒப்பிட்டதால்தான் உறுதியாயிற்று. ஆனால் அத்தகைய ஆராய்ச்சிக்குப் பிறந்த நாள் எதற்கு? ஆண்டு போதாதா? அமெரிக்காவில் 2003-இல் நடைமுறைக்கு வந்த மருத்துவ இரகசிய விதிகள் இவ்வழியைக் காட்டுகின்றன: பிறந்த ஆண்டு மட்டும் இருக்கலாம், அஞ்சல் எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள், அதுவும் அவ்வட்டாரத்தில் 20,000 பேருக்கு மேல் வசித்தால் மட்டும், 90 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரே பிரிவு.

இத்துடன் இன்னொன்றும் செய்யலாம். வெளியிடுமுன், ஒருவரிடம் வாக்காளர் பட்டியலைக் கொடுத்து, “முடிந்தால் கண்டுபிடியுங்கள்” என்று அமர்த்திப் பார்க்கட்டும். அன்று பட்டியலுக்கு ஆன செலவு 20 டாலர்தான்.