கொழும்பு வழியாக ஐரோப்பா

தங்கச்சிமடத்து நண்பர் ஒருவர் டிசம்பரில் சம்சாரத்துடன் ஐரோப்பா போகிறார். பத்தே நாளில் ஐந்து தேசமாம்! அந்த மாதம் பாரிஸில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். இருக்கிற எட்டு மணிப் பகலையும் ரயிலில் கழித்துவிட்டு எதைப் பார்ப்பது? இரண்டு தேசம் போதும் என்றேன். 'ஷெங்கன்' விசா ஒன்றே 29 நாடுகளுக்குச் செல்லும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் மனுச் செய்ய வேண்டும். லண்டனுக்கு விசா வேறு.

மிஞ்சிய நாட்களில் வழியில் எங்கே தங்குவது? அவர் துபாய் என்றார். அந்த அம்மாள் கொழும்பு என்றார். நான் அம்மாள் கட்சி! 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் உண்டு. அம்மாளின் தகப்பனார் அதில் போய்க் கொழும்பில் கடைக் கணக்கு எழுதியவர். இடையே சுமார் 30 கி.மீ. கடல்தான், மகளோ மதுரைக்குப் போய் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. அப்பாவின் பழைய கடிதம் ஒன்றில் தெருப் பெயர் இருக்கிறதாம். பாஸ்போர்ட்டோடு அதையும் எடுத்து வைத்துவிட்டார்.