பெயருக்கு ஒரு பெட்டி, நாட்டுக்கு ஒரு பட்டியல்

மாணவ நண்பர்களே, உங்களில் பலர் இதற்குள் ஏதேனும் ஒரு விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பியிருப்பீர்கள். உதவித்தொகை, வினாடி வினாப் போட்டி, இப்படி ஏதோ ஒன்று. திரையில் வரிசையாகச் சில பெட்டிகள் இருக்கும். சிலவற்றின் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு நட்சத்திரக் குறி. இதை நிரப்பாமல் மேலே செல்ல முடியாது என்பது அதன் பொருள். அந்தப் பெட்டிகளை யார் அமைத்தார், ஏன் அவ்வாறு அமைத்தார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நானும் நெடுநாள் எண்ணியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் நடந்த ஓர் இயற்பியல் கருத்தரங்குக்குப் பெயர் பதிவு செய்ய உட்கார்ந்தேன். முதற்பெயர் கேட்டது, எழுதினேன். குடும்பப் பெயர் கேட்டது. நமக்கேது குடும்பப் பெயர்? தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். குறைந்தது இரண்டு எழுத்துகள் வேண்டும் என்று மறுத்தது. எழுத்துக்குப் பின் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன், அதையும் ஏற்கவில்லை. கடைசியில் அப்பாவின் பெயரை முழுதாக எழுதினேன். கருத்தரங்கு நடந்த மூன்று நாளும் எல்லோரும் என்னை அவர் பெயரைச் சொல்லியே அழைத்தார்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வாய்ப்பில்லாதவர் அவர். அவருக்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆயினும் ஒரு பெட்டி என் பெயரை மாற்றிவிட்டதே என்ற எண்ணம் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

இந்தக் கதையை என் பழைய மாணவர் ஒருவரிடம் சொன்னேன். இயற்பியல் படித்துவிட்டு இன்று வலைத்தளம் அமைக்கும் தொழிலில் இருப்பவர். பொங்கல் விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. "சார், இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. உலக விவகாரம் எங்கள் வேலைக்குள் நுழைகிற இடமே இந்தப் பெட்டிகள்தான்" என்றார். அன்று மாலை வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னதையும் அதன்மேல் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். எல்லா மனிதர்க்கும் முதற்பெயரும் குடும்பப் பெயரும் உண்டு என்பது உலகின் ஒரு பகுதியில் மட்டும் உள்ள வழக்கம். இந்தோனேசியாவின் முதல் இரு குடியரசுத் தலைவர்களான சுகர்ணோவுக்கும் சுகார்த்தோவுக்கும் ஒற்றைப் பெயர்தான். 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட் அவர்களின் பெயர் 'தாண்ட்' மட்டுமே. 'ஊ' என்பது பர்மிய மொழியில் மரியாதைச் சொல். ஐஸ்லாந்தில் பெரும்பாலோர்க்கு நம்மைப்போலவே தகப்பனார் பெயர் சேரும். அது குடும்பப் பெயர் ஆகாது. நம் சர் சி. வி. இராமன் பெயரிலுள்ள 'சி' அவருடைய தந்தையார் சந்திரசேகரரைக் குறிப்பது. தந்தை பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போடச் சொல்லும் இன்றைய படிவம் ஒன்றை 1928-இல் அவர் நிரப்ப நேர்ந்திருந்தால், உங்கள் பாடநூலில் 'சந்திரசேகர விளைவு' என்று இருந்திருக்கும்!

வேடிக்கை இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா, பார்வையாளர் விசாக்களில் நுழைய முடியாது என்றது அந்த விதி. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கடவுச்சீட்டு வாங்கியவர்கள் ஏராளம். மகனைப் பார்க்கப் பயணச்சீட்டு எடுத்து வைத்திருந்த தாயை எண்ணிப் பாருங்கள். சில நாட்களுக்குள், தந்தை பெயரோ குடும்பப் பெயரோ கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. அமெரிக்க விசாவிலோ, ஒற்றைப் பெயர் உடையவருக்கு 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளை முதற்பெயராகப் போட்டுவிடுவார்கள். ஒருவருடைய பெயர் அவருக்கே தெரியவில்லை என்று அச்சடித்துக் கொடுப்பதுபோல இருக்கிறது இது.

இனி நாட்டுக்கு வருவோம். 'உமது நாடு எது?' என்ற கேள்வியைத் தொட்டால் ஒரு நீண்ட பட்டியல் கீழே விரியும். அதை வலைத்தளம் அமைப்பவர் தாமே எழுதுவதில்லை. உலகத் தரப்படுத்தல் நிறுவனம் 1974-இல் முதன்முதலாக வெளியிட்ட பட்டியல் ஒன்று உண்டு. நாட்டுக்கு இரண்டு எழுத்துக் குறியீடு. அதை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பட்டியல் ஐக்கிய நாடுகள் சபை வழங்கும் பெயர்களைப் பின்பற்றுவது. அதனால் தைவான் 'சீனாவின் ஒரு மாகாணம்' என்ற அடைமொழியுடன் அதில் நிற்கிறது. 2008-இல் தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட கொசோவோவுக்கு அதில் இடமில்லை. அதைப் பல நாடுகள் ஏற்றன. இந்தியா உட்பட வேறு பல ஏற்கவில்லை. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் பிரிஷ்டினா நகரிலுள்ள உங்கள் வயது மாணவி ஒருத்தி உங்களைப்போலவே ஓர் அறிவியல் போட்டிக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் நாடு பட்டியலில் இல்லை. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அவள் என்ன செய்வாள்?

பட்டியலை மாற்றி எழுதினாலும் தொல்லைதான். 2018 ஏப்ரலில் சீன அரசின் விமானப் போக்குவரத்துத் துறை 44 வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. உங்கள் வலைத்தளங்களில் தைவானைத் தனி நாடுபோலக் காட்டாதீர்கள் என்றது. அமெரிக்க அரசு அதைக் கண்டித்தது. நிறுவனங்கள் சில மாதம் தயங்கின. முடிவில் அமெரிக்க நிறுவனங்கள் நாட்டின் பெயரை விட்டுவிட்டு, ஊரின் பெயரான தைபேயை மட்டும் குறித்துத் தப்பித்தன. ஒரு பட்டியலின் ஒரு வரிக்காக இரண்டு வல்லரசுகள் மல்லுக்கட்டின என்றால் நம்புவீர்களா?

வலை முகவரியின் வாலிலும் இதே இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யூகோஸ்லாவியா சிதறிய பின்னும் அதன் வால் சில காலம் இருந்தது. 2010 மார்ச்சில் நீக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் வாலோ, நாடு மறைந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் அறுபடாமல் இருந்தது. தொலைக்காட்சியைக் குறிக்கும் எழுத்துகள் தற்செயலாகத் துவாலு என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டுக்கு வாய்த்தன. அவற்றை வாடகைக்கு விட்ட பணத்தின் துணையோடு அந்நாடு 2000-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது.

இதில் எனக்கு வியப்பாகத் தோன்றுவது ஒன்று உண்டு. உலகளாவிய வலை பிறந்த இடம் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் அங்கேதான் அதற்குத் திட்டம் எழுதினார். 1993 ஏப்ரல் 30 அன்று, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அதை உலகுக்கு விட்டுக்கொடுத்தது. அதே ஆய்வுக்கூடத்தில் இன்று 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையச் சுரங்கம் ஒன்றில் புரோட்டான்களைச் சுழலவிடுகிறார்கள். சுரங்கத்தின் ஒரு பகுதி சுவிட்சர்லாந்தில், மறுபகுதி பிரான்சில். புரோட்டான் விநாடிக்குச் சுமார் 11,000 முறை சுற்றி வரும்போது, ஒவ்வொரு சுற்றிலும் எல்லையைத் தாண்டுகிறது. அதனிடம் யாரும் குடும்பப் பெயர் கேட்பதில்லை.

"இயந்திரத்துக்கு ஒழுங்கு வேண்டாமா? ஆளுக்கொரு விதமாக எழுதினால் கணிப்பொறி எப்படி வரிசைப்படுத்தும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அஞ்சல் அனுப்ப நாடு வேண்டும்; வரி கணக்கிடவும் வேண்டும். இயற்பியலிலும் மீட்டரும் கிலோகிராமும் நாம் கூடிப் பேசி வகுத்துக்கொண்டவைதானே? ஆனால் மீட்டருக்குப் பொருந்தவில்லை என்று எந்தக் கம்பியையும் நாம் திருப்பி அனுப்புவதில்லை. எத்தனை நீளமோ அத்தனையை அளந்து எழுதிக்கொள்கிறோம். பொருளுக்கேற்ப அளவுகோலின் எண் மாறுமே அன்றி, எண்ணுக்கேற்பப் பொருளை வெட்டுவதில்லை. படிவம் செய்வது இதற்கு நேர்மாறானது. வினாடி வினாப் போட்டிக்குக் குடும்பப் பெயர் எதற்கு? முழுப் பெயரை ஒரே பெட்டியில் கேட்டால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். வலைக்கான தரங்களை வகுக்கும் குழுவே இதையும் ஒரு வழியாகச் சொல்லியிருக்கிறது. பலர் அதைப் படிப்பதில்லை. பழைய படிவத்தைப் பார்த்துப் புதியதை எழுதுகிறார்கள். அதைப் பார்த்து இன்னொருவர். சோதனைச் செய்முறைக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதும் என் மாணவர்களுக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரியும்!

எனவே என் கருத்து இதுதான்: அமைப்பவர் அறியாமல் செய்தது என்பதால் அது நடுநிலை ஆகிவிடாது. எடுத்து ஒட்டிய பட்டியலிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அதை எழுதியவர் வேறொருவர், அவ்வளவுதான்.

விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய என் மாணவர் இரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு நிறுவனத்துக்கு அவர் அமைத்த புதிய படிவத்தில் பெயருக்கு ஒரே பெட்டி வைத்தாராம். நாட்டுப் பட்டியலின் அடியில் வெற்றிடம் ஒன்றும் விட்டாராம். பெயர்ப் பெட்டியை ஏற்றுக்கொண்டார்களாம். வெற்றிடத்தை எடுத்துவிடச் சொன்னார்களாம். "எடுத்துவிட்டாயா?" என்று கேட்டேன். "எடுத்துவிட்டேன் சார். ஆனால் அந்த நட்சத்திரக் குறியையும் எடுத்துவிட்டேன். அதை இன்னும் யாரும் கவனிக்கவில்லை" என்றார்.