கேட்டால் போதுமா, செய்யவும் தெரிய வேண்டுமா?

"என்ன மகள், இனி யாரும் புரோகிராம் எழுதத் தேவையில்லையாமே? வேண்டியதைச் சொன்னால் கணினியே செய்துவிடுமாம். பிறகு எதற்கு இந்தப் பைதனோடு மல்லுக்கட்டுகிறீங்க?"

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எங்களில் பலர் வீட்டில் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறோம். கேட்பவர்களைக் குறை சொல்லமாட்டேன். வகுப்புக்குக் காசு கட்டுபவர்கள் அவர்கள்தானே.

கேள்வியில் உண்மையும் உண்டு. உம்மாவிடம் "இன்றைக்கு இறால் ஆணம் ஆக்குங்க" என்று கேட்பது ஒரு விதம். இறால் உரிப்பதிலிருந்து தேங்காய்ப்பால் விடுவது வரை ஒவ்வொன்றாகச் சொல்வது இன்னொரு விதம். எங்கள் பாடத்திட்டத்தில் இரண்டும் இருக்கின்றன. எஸ்கியூஎல்லில் எந்தத் தரவு வேண்டும் என்று மட்டும் கேட்கிறோம்; எப்படித் தேடி எடுப்பது என்பதைத் தரவுத்தளமே பார்த்துக்கொள்கிறது. பைதனில் படிகளை நாமே எழுதுகிறோம். முதல் விதம் நேற்று வந்த புதுமையல்ல. எட்கார் கொட் 1970இல் முன்வைத்த மாதிரியைக் கொண்டு, ஐபிஎம் நிறுவனத்தின் சேம்பர்லினும் பொய்ஸும் 1974இல் அறிமுகப்படுத்திய மொழி அது. அரை நூற்றாண்டாகியும் புரோகிராமரின் வேலை ஒழியவில்லை.

ஏன் ஒழியவில்லை? ஒரு புள்ளிப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஆறு பாடங்களில் இரண்டுக்கு ஒரு மாணவி பரீட்சைக்கு வரவில்லை. அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. மற்ற நான்கிலும் 90 புள்ளிகள். எக்ஸெலிடம் சராசரி கேட்டால், வெற்றுக் கட்டங்களை விட்டுவிட்டு 360ஐ நான்கால் வகுத்து 90 என்று தரும். எஸ்கியூஎல்லும் அப்படித்தான். ஆறு பாடமும் எழுதிச் சராசரி 88 எடுத்தவள் இரண்டாமிடத்துக்குப் போய்விடுவாள். வராததைப் பூச்சியமாக எடுத்தால் முதலாமவளின் சராசரி 60 மட்டுமே. எது நியாயம் என்பதைப் பாடசாலைதான் தீர்மானிக்க வேண்டும். அவள் சுகமில்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் இங்கே தீர்மானித்தது கருவி, அதுவும் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாமல். பைதனிலும் பிழை விடலாம்தான். என்றாலும் ஒவ்வொரு பாடமாகக் கூட்டும்படி எழுதுபவள், 'இது வெறுமையாக இருந்தால்?' என்ற இடத்தில் ஒருமுறையாவது நிற்பாள்.

எங்கள் நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 2005இல் தொடங்கப்பட்ட டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், வெவ்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகளைச் செய்கிறது. இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை எக்ஸ்எம்எல் கோப்பில் குறித்துக் கொடுத்தால் போதும் என்பதே அவர்களின் ஆரம்ப வழி. தேவைகள் கூடக்கூட நிபந்தனை, பிழை கையாளல் என்று எல்லாமே அந்தக் கோப்புக்குள் நுழைந்தன, வாசிக்கவே சிரமமாயிற்று. கடைசியில் பலரீனா என்ற செய்நிரல் மொழியையே உருவாக்கி 2017இல் அறிவித்தார்கள். அதற்காகப் பழைய வசதியை அவர்கள் தூக்கி எறியவில்லை. பலரீனாவில் எழுதியதை வரைபடமாகப் பார்க்கலாம், எஸ்கியூஎல் போன்ற வினவல்களையும் எழுதலாம். எனக்குப் பிடித்தது இந்த இடம்தான்.

இழுத்துப் போட்டுச் செயலி செய்யப் பழக்கும் குறுகிய கால வகுப்புகளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு சிறு கடையின் கணக்குக்கு அது தாராளமாகப் போதும். பைதனை விட்டுவிட்டு அதற்குப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அடுத்த தவணைப் புள்ளிப் பட்டியலைத் தயாரிக்கும் தோழியர், பரீட்சைக்கு வராத பிள்ளைகளின் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.