பஞ்சராகாத டயரா, பாதுகாப்பான டயரா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையகத்தில் பல குடும்பங்களை வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டுப் பெயரச் செய்தன. தங்குவது ஓரிடம், நிலமோ வேலையோ வேறிடம் என்றானவர்களுக்குச் சைக்கிள் ஆடம்பரமல்ல. பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர் போய்விடும் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, "பஞ்சரே ஆகாது" என்று விற்கப்படும் காற்றில்லாத முழு இறப்பர் டயரில் மனம் போவது இயல்பே. ஆயினும் அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். பாரம் கூடியது, குலுக்கல் அதிகம், மழையில் நனைந்த இறக்கத்தில் பிடிப்புக் குறைவு. ஹற்றன், நுவரெலியாப் பாதைகளில் பஞ்சரானால் நேரம் போகும். சறுக்கினால் உயிரே போகலாம்.

காற்றடிக்கும் டயரில், நிலத்தில் படும் பகுதிக்கு அடியில் தடித்த காப்புப் பட்டி உள்ளதைக் கேட்டு வாங்குவோம். பக்கவாட்டு எண்ணையும் பார்ப்போம். 37-590, 47-559 இரண்டும் 26 அங்குலம் என்றே விற்கப்படும். ஒன்றின் டயர் மற்றதன் ரிம்முக்குப் பொருந்தாது.

டியூபில் அருகருகே இரண்டு வெட்டு விழுந்தால் குற்றம் ஆணியில் அல்ல, காற்றுக் குறைவில். கல்லில் மோதும்போது டியூப் ரிம்மோடு நசிகிறது. காப்புப் பட்டி இதைத் தடுக்காது. வாரம் ஒருமுறை காற்றுப் பார்ப்பதே தடுக்கும்.

உதவி வழங்குவோரே, சைக்கிளைக் கொடுத்துப் படமெடுப்பதோடு கடமை முடிவதில்லை. பத்துக் குடும்பத்துக்கு ஒரு பம்பும் ஒட்டுப் பெட்டியும் கொடுங்கள். நாமும் அவற்றைப் பொதுவில் பேணுவோம். கல் பெயர்ந்த பாதையைத் திருத்தும்படி தோட்ட நிர்வாகத்தையும் பிரதேச சபையையும் ஒன்றுசேர்ந்து கேட்போம்.