வாக்காளர் பட்டியலும் வீட்டுக் கடனும்

சென்ற பங்குனித் திங்களில் நம் சங்கத்து மூத்த நெசவாளர் ஒருவர், மகன் அனுப்பிய கடிதமொன்றைக் கையில் ஏந்திக்கொண்டு அலுவலகத்திற்கு வந்தார். மகன் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறான். ஐந்தாண்டுகளாகச் சம்பளம் தவறாமல் வருகிறது. எவரிடமும் கைம்மாற்றுக்கூட வாங்கியதில்லை. சிறியதொரு வீடு வாங்க எண்ணி, அவ்வீட்டையே ஈடாகக் காட்டிக் கடனுக்கு மனுச் செய்திருக்கிறான். நீர் தெரிவித்துள்ள முகவரியில் உமது பெயர் வாக்காளர் பட்டியலில் காணப்படவில்லை, வேறு சான்றுகள் வந்தபின்னரே மேற்கொண்டு பரிசீலிக்க இயலும் என்று பதில் வந்துவிட்டது. “வீடு வாங்குவதற்கும் வோட்டுப் போடுவதற்கும் என்ன சம்பந்தம், ஐயா? ஏதாவது கட்சியில் சேரச் சொல்கிறார்களா?” என்று பெரியவர் கேட்டார்.

அவர் கேட்டதை நகைத்துத் தள்ளுவதற்கில்லை. நம் ஊர்களிலிருந்து கடல் கடந்து சென்றுள்ள பிள்ளைகள் பலர் இதே கேள்வியின்முன் நிற்கக்கூடும். கடன் கொடுப்பதும் வாங்குவதுமே தொழிலாகக் கொண்ட கூட்டுறவு இயக்கத்தினராகிய நமக்கு இதில் யோசிக்க வேண்டிய செய்தி வேறொன்றும் இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரித்து எழுதத் துணிந்தேன்.

பிரிட்டனில் எக்ஸ்பீரியன், எக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்கள் உள. இவை தாமாகக் கடன் கொடுப்பவை அல்ல. யார் எங்கே கடன் வாங்கினார், தவணையை நாள் தவறாமல் கட்டினாரா என்பனவற்றைப் பேரேடாக வைத்திருந்து, கடன் கொடுப்போர் கேட்கும்போது எடுத்துக் காட்டுபவை. அந்நாட்டுச் சட்டம் வாக்காளரின் முழுப் பட்டியலை இந்நிறுவனங்கள் விலைக்கு வாங்கிக்கொள்ள அனுமதிக்கிறது. 2001ஆம் ஆண்டு விதிகள் குறித்த கட்டணம், கணினித் தொகுப்பாக வாங்கினால், அடிப்படைத் தொகை இருபது பவுன் போக ஆயிரம் பெயர்களுக்கு ஒன்றரைப் பவுன். ஆயிரம் குடிமக்களின் பெயரும் இருப்பிடமும் ஒன்றரைப் பவுனுக்குக் கிடைக்கின்றன என்பதை ஒரு முறை நிதானமாக எண்ணிப் பார்க்கலாம்.

கடன் கொடுப்பவர் அப்பட்டியலில் தேடுவது, இன்ன பெயருடையவர் இன்ன முகவரியில் மெய்யாகவே வசிக்கிறாரா, எத்தனை காலமாக வசிக்கிறார் என்பதைத்தான். பிறர் பெயரில் பொய்யாகக் கடன் வாங்குவதைத் தடுப்பதற்கும் இது உதவுகிறது. மனுதாரர் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்பது பட்டியலில் இராது. 1872ஆம் ஆண்டிலிருந்தே அங்கு வாக்கு இரகசியமானது. வாக்குச் சாவடிக்கே போகாதவராயினும் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பெரியவரின் ஐயத்திற்கு இவ்வளவில் விடை கிடைத்துவிடும்.

பட்டியலில் பெயர் இருப்பதனாலேயே கடன் கிடைத்துவிடும் என்றும் எண்ணிவிடலாகாது. கடன் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கணக்கு வைத்துக்கொண்டு மனுதாரரின் தகுதிக்குப் புள்ளியிடுகிறது. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. தவணைகளைத் தவறவிட்டவரை வாக்காளர் பட்டியல் காப்பாற்றாது. பட்டியலில் இல்லாதவரும் வேறு சான்றுகள் காட்டிக் கடன் பெறுவதுண்டு. ஆனால் அதற்குள் நாட்கள் கழிகின்றன, சில இடங்களில் புள்ளியும் குறைகிறது. வீடு விற்பவர் அதுவரை காத்திருப்பாரா என்பது கடன் கொடுப்பவரின் கவலை அன்று. நம் மொழியில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கும், கொடுத்த வாக்கைக் காக்கும் குணத்தையும் குறிக்கும். அக்குணத்தை அங்கே முகவரியின் நிலைபேற்றிலும் தேடுகிறார்கள்.

இவ்விடத்தில் பழைய கதை ஒன்றை நினைவூட்டுவது பொருந்தும், அது நம் இயக்கத்தின் உறவுக் கதையாதலின். வீடு கட்டும் சங்கங்களுள் பெயர் தெரிந்த முதற் சங்கம் 1775ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரத்து விடுதியொன்றில் தோன்றியது. உறுப்பினர் மாதந்தோறும் பணம் கட்டுவர். சேர்ந்த தொகையில் ஒருவர்பின் ஒருவராக வீடு பெறுவர். அக்காலத்துச் சங்கங்களில், எல்லோர்க்கும் வீடு அமைந்ததும் சங்கத்தையே கலைத்துவிடுவது வழக்கம். நம் ஊர்ச் சீட்டு அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

அதே பர்மிங்ஹாமில் 1847ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் நிலச் சங்கமொன்றைத் தொடங்கினார். ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள சொந்த நிலம் உடையவர்க்கே மாவட்டத் தொகுதியில் வாக்குரிமை என்ற விதி 1430ஆம் ஆண்டிலிருந்து அங்கு வழங்கி வந்தது. தொழிலாளர் ஒவ்வொருவரும் தனியே நிலம் வாங்குவது எங்ஙனம்? சங்கம் பெருநிலம் ஒன்றை மொத்த விலைக்கு வாங்கி, வாக்குரிமைக்குப் போதுமான அளவில் துண்டு துண்டாக்கி உறுப்பினர்க்கு அளித்தது. உறுப்பினர் வாரந்தோறும் சிறு தொகை கட்டினர். நிலமும் வந்தது, வோட்டும் வந்தது. 1849இல் லண்டனில் இதே நோக்கத்துடன் தேசிய நிலச் சங்கம் ஒன்று எழுந்தது. காப்டன், பிரைட் போன்ற சீர்திருத்தத் தலைவர்கள் அதற்குத் துணை நின்றனர். அது வளர்ந்து, 1944இல் மற்றொரு சங்கத்துடன் இணைந்து அபே நேஷனல் என்ற பெருஞ்சங்கமாயிற்று. 1989இல் உறுப்பினர் சங்கம் என்ற நிலையைக் கைவிட்டுப் பங்குக் கம்பெனியாக மாறிற்று. அந்தக் கடைசி மாற்றம் எனக்கு உவப்பானதன்று. ஆனால் அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

அன்று வாக்காளராவதற்காக நிலம் வாங்கினார்கள். இன்று வீடு வாங்குவதற்காக வாக்காளராகப் பதிய வேண்டியிருக்கிறது. காலம் இதனைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. நிலமில்லாதவனைத் தேர்தலுக்கு வெளியே நிறுத்திய கதவு 1918, 1928ஆம் ஆண்டுச் சட்டங்களால் திறந்தது. பட்டியலில் இல்லாதவனைக் கடனுக்கு வெளியே நிறுத்தும் சிறு கதவு ஒன்று அதன்பின் வேறு பக்கத்தில் அமைந்துவிட்டது.

இதில் என்ன தவறு, பதிவு செய்துகொள்ள வேண்டியதுதானே என்று சிலர் கேட்கலாம். பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே என் யோசனையும். ஆயினும் பட்டியலில் விடுபட்டுப் போகிறவர் யார் என்பதைப் பார்த்தல் வேண்டும். பிரிட்டனின் தேர்தல் ஆணையம் 2022ஆம் ஆண்டுப் பட்டியலை ஆராய்ந்தபோது, தகுதியுடையோரில் நூற்றுக்கு 86 பேரே சரியாகப் பதிவாகியிருந்தனர். கடனின்றிச் சொந்த வீடுடையோரில் நூற்றுக்கு 95 பேர் பதிவாகியிருக்க, தனியாரிடம் வாடகைக்குக் குடியிருப்போரில் 65 பேரே பதிவாகியிருந்தனர். வீடு உள்ளவர் பட்டியலில் இருக்கிறார். வீடு வேண்டுபவர் விடுபடுகிறார். வாடகைக்காரர் சோம்பேறி என்பதன்று காரணம். ஆண்டுக்கு ஒரு முறை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் ஆண்டுக்கு ஒரு முறை புது முகவரியில் பதிய வேண்டும். தறி கிடைத்த ஊருக்கெல்லாம் குடும்பத்தோடு பெயர்ந்து போகும் கூலி நெசவாளரைப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

முன்னர்க் குடும்பத் தலைவரே வீட்டிலுள்ள அனைவர் பெயரையும் எழுதி அனுப்பும் முறை இருந்தது. 2014ஆம் ஆண்டு முதல் ஒவ்வொருவரும் தனித்தனியே பதிய வேண்டும் என்றாயிற்று. பதியுமாறு முறைப்படி கேட்டும் பதியாதவர்க்கு எண்பது பவுன் அபராதம் விதிக்கவும் இடமுண்டு. அபராதத்தைக் காட்டித் திரட்டிய பெயரைச் சர்க்காரே கம்பெனிகளுக்கு விற்பதுதான் எனக்கு உறுத்தலாயிருக்கிறது. இது என் ஒருவனுக்கே தோன்றிய எண்ணமன்று. வேக்ஃபீல்டு வட்டாரத்து வாக்காளர் ஒருவர், தம் பெயரை விளம்பரக்காரர்க்கு விற்பது தகாது என்று வழக்காடி 2001இல் வெற்றி பெற்றார். அதன் பயனாக மறு ஆண்டிலிருந்து பட்டியல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று முழுப் பட்டியல், மற்றொன்று யாரும் வாங்கத்தக்க திறந்த பட்டியல். திறந்த பட்டியலிலிருந்து ஒருவர் தம் பெயரை நீக்கிக்கொள்ளலாம். முழுப் பட்டியல் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தொடர்ந்து கிடைத்து வருகிறது. திறந்த பட்டியலிலிருந்து விலகினால் கடனுக்குக் கேடு வருமோ என்று அஞ்சுவோர் உளர். வராது. விளம்பரக் கடிதங்கள் குறையும், அவ்வளவே.

பணத்திற்கும் இப்பட்டியலுக்கும் முடிச்சுப் போட்டால் என்ன நேரும் என்பதை அந்நாடு ஒரு முறை கண்டிருக்கிறது. 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் தலைவரி வந்தபோது, வரிக்காரர் கண்ணில் படாதிருக்க வேண்டிப் பலர் வாக்காளர் பட்டியலிலிருந்தே மறைந்தனர். பணத்திற்கு அஞ்சி ஓட்டுரிமையையே கைவிட்டனர். இன்றைய ஏற்பாடு அதற்கு நேர்மாறாகப் பணத்தைக் காட்டி மக்களைப் பட்டியலுக்குள் அழைக்கிறது. முன்னதைவிட இது மேல்தான். எனினும் ஓட்டு என்பது அதற்காகவே வேண்டப்பட வேண்டியது அன்றோ!

கடன் கொடுப்பவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பர்மிங்ஹாம் விடுதியில் கூடியவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்து அறிந்தவர்கள். இலட்சக்கணக்கானவர்க்குக் கடன் கொடுக்கும் நிறுவனம் முகத்தை எங்கே பார்க்கும்? தாளைத்தான் பார்க்கும். நம் சங்கங்களில் ஊரறிந்த இருவர் ஜாமீன் நின்றால் கடன் கிடைக்கிறது, அது நம் பெருமை. ஆனால் நிர்வாகியின் உறவினர்க்கு ஒரு நீதியும், தெருக்கோடி விதவைக்கு வேறு நீதியுமாக முகம் பார்த்துக் கொடுத்த கடன்களும் நம் ஏடுகளில் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு இங்கிலாந்தைக் குறை கூறுதல் முறையன்று. பட்டியலுக்குச் சாதி தெரியாது, உறவும் தெரியாது. அந்த ஒரு நன்மைக்காகவே அதை நான் முற்றும் வெறுக்கவில்லை. பட்டியலில் இல்லாதவர்க்கும் எளிதில் தம்மை மெய்ப்பிக்க வழி வேண்டும் என்பதே என் கட்சி. வேல்ஸில் 2024ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் தாமாக மனுச் செய்யாமலே பதிவாகும் முறைக்கு வழி வகுத்துள்ளது. அது எங்கும் பரவினால் வாடகைக்காரரின் குறை பாதி தீரும்.

இனி, பிள்ளைகளை அங்கே அனுப்பியிருப்போர் கருத்திற்கு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், முறையான அனுமதி பெற்றுப் பிரிட்டனில் வசித்தால், அங்குப் பாராளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தல்களுக்கும் வாக்காளராகப் பதியலாம். இந்தியரும் இலங்கையரும் மலேசியரும் இதில் அடங்குவர். நம் பெரியவரின் மகன், அந்நிய நாட்டில் வோட்டுரிமை கேட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று அஞ்சிப் பதியாமலே இருந்திருக்கிறான். பட்டியலில் பதிவது அந்நாட்டுக் குடியுரிமை பெறுவதாகாது. இங்கிலாந்தில் வாக்குரிமையற்ற ஜப்பானியர், அமெரிக்கர் போன்றோர் வசிப்பிடச் சான்றுகளைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பித் தம் ஏட்டில் குறிக்கச் செய்யலாம். தம்மைப் பற்றிய ஏட்டை எவரும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். அதிலுள்ள பிழையைத் திருத்த மறுத்தால், இருநூறு சொற்களுக்கு மேற்படாத விளக்கமொன்றைச் சேர்க்கச் சொல்லும் உரிமையை 1974ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கிறது.

நம்மவர்க்கே உரிய தொல்லை ஒன்று, பெயர். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு எழுதும் நம் வழக்கம் அவர்களுக்குப் புரிவதில்லை. கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும், சம்பளச் சீட்டில் முன்பின் மாறியும், பட்டியலில் முதலெழுத்து மட்டுமாகவும் இருந்தால், ஒரே ஆள் மூவராகிவிடுகிறான். எல்லாவற்றிலும் ஒரே விதமாக எழுதுதல் நலம்.

நம் நாட்டில் வாக்காளர் அட்டை பாங்குகள் ஏற்கும் அடையாளச் சான்றுகளுள் ஒன்று. ஆனால் பிரிட்டனைப்போல் கடன் நிறுவனங்களுக்கெனச் சட்டமே முழுப் பட்டியலை விலைக்குத் தரும் ஏற்பாடு இங்கு இல்லை. இல்லாமையே நன்று என்பது என் அபிப்பிராயம்.

பெரியவர் சொல்லச் சொல்ல மகனுக்கு நான் பதில் எழுதினேன். அவன் இணையதளத்தின் வழியே அன்றே பதிந்துவிட்டான். சென்ற வாரம் மறுகடிதம் வந்தது. பெயர் ஏறிவிட்டது, ஆனால் மாடிக் குடியிருப்பின் எண் இரண்டுக்குப் பதில் பன்னிரண்டு என்று விழுந்துவிட்டதாம். திருத்தத்திற்கு எழுதிப் போட்டிருக்கிறான். வீட்டுக்காரர் இன்னும் ஒரு மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.